அந்த இருபத்தைந்து பேர்: பிபிசி நாடகப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பிபிசி நாடகப் பிரிவினருக்கும், ஷேக்ஸ்பியரின் அரசர் நாடகங்களை வைத்து 'தி ஹாலோ கிரவுன்' படங்களைத் தயாரித்தவர்களுக்கும்,

வணக்கம். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்கள் நிறுவனம் 1941 இலிருந்து தமிழில் பேசி வருகிறது. நான் சின்னவனாக இருந்தபோது இரவில் வானொலியில் உங்கள் தமிழோசை தொடங்கியதும் அப்பா கையை உயர்த்துவார், வீடே வாயை மூடிக்கொள்ளும். ஆகவே உங்கள் கட்டிடத்துக்குள் யாராவது ஒருவர் இதை வாசித்துச் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை உண்டு. அப்புறம், கிழக்கு லண்டனில் இருந்துகொண்டு வருடா வருடம் உங்களுக்குப் போகும் டிவி லைசன்ஸ் கட்டணத்தைக் கட்டுகிறவன் நான். கேட்க எனக்கு உரிமையும் இருக்கிறது.

கேட்க வந்தது சின்ன விஷயம்தான். அதற்கு முன்னால் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

2012 ஜூலை 21 ஆம் தேதி இரவு, பிபிசி இரண்டில் 'ஐந்தாம் ஹென்றி' போட்டீர்கள். லண்டன் ஒலிம்பிக் தொடங்க இன்னும் ஆறு நாள். எங்கள் பக்கமெல்லாம் ஒரே கொடியும் ஆரவாரமும். அந்த வாரத்தில், பிரான்ஸை வென்ற இங்கிலாந்து அரசனின் கதை என்றால் எப்படி இருக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முரசு, குதிரை, கொடி. ஆனால் இயக்குநர் தியா ஷாராக் படத்தை ஒரு சாவீட்டில் தொடங்கினார். அரசனின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. டாம் ஹிடில்ஸ்டனின் முகம், இளமை மாறாத முகம், கண் மூடிக் கிடக்கிறது. பின்னணியில் ஜான் ஹர்ட்டின் கரகரத்த குரல். வெற்றிக்கதையை எழவில் தொடங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். இதை அன்றைக்கே எழுதிப் பாராட்டியிருக்க வேண்டும், சோம்பல்தான் காரணம்.

ஜான் ஹர்ட்டின் பாத்திரத்தை ஆங்கிலத்தில் கோரஸ் என்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, கூத்தில் வரும் கட்டியகாரன் மாதிரி. மேடை சிறிது, ஆட்கள் குறைவு, மிச்சத்தை உங்கள் மனதுக்குள் கட்டிக்கொள்ளுங்கள் என்று சபையோரிடம் மன்னிப்புக் கேட்பவன். 1599 இல் அந்த நாடகம் எழுதப்பட்டபோது நாலைந்து துருப்பிடித்த வாள்களோடு நடிகர்கள், 1415 இல் ஹென்றி பிரெஞ்சுப் படையை வென்ற அஜின்கோர்ட் சண்டையைக் காட்ட வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்கும் அதே பாடுதான். சினிமாக்காரர்களுக்குக் கிடைக்கும் குதிரைப்படை உங்களுக்குக் கிடைக்காது. அந்த ஏழ்மையை நீங்கள் மறைக்காமல் விட்டது எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் செய்தீர்கள். கடைசியில் அந்தக் கட்டியகாரன் யாரென்று காட்டினீர்கள். மதுக்கடைக் கூட்டத்தோடு பிரான்ஸுக்குப் போன எடுபிடிப் பையன், வயதாகி, எல்லாவற்றையும் கண்ட சாட்சியாக நிற்கிறான். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் அந்தப் பையன் பிழைப்பதில்லை. படையின் மூட்டைமுடிச்சுகளுக்குக் காவல் பையன்கள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் திரும்ப வருவதே இல்லை; சில காட்சிகள் கழித்துப் பையன்களைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்திதான் வருகிறது. ஷேக்ஸ்பியர் சாகவிட்டவனை நீங்கள் ஒரு முழு ஆயுள் வாழவைத்தீர்கள். மூலத்தை மாற்றலாமா என்று பண்டிதர்கள் சண்டை பிடிக்கட்டும், எனக்கு அது நல்ல மாற்றம். ஒரேயொரு குறை: ஒரு ஆயுள் முழுக்க வாழ்ந்தும் அவனுக்குப் பெயர் கிடைக்கவில்லை. நாடகத்தில் அவன் வெறும் 'பையன்'. வளர்ந்தபின் 'கோரஸ்'. இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது என் மனைவி. அதுவும் பல வருடம் கழித்து.

மகளுக்குப் பள்ளியில் கிறிஸ்பின் நாள் உரையை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். போருக்கு முன் அரசன் சொல்வது: நாம் கொஞ்சப் பேர், பாக்கியம் பெற்ற கொஞ்சப் பேர், ஒரு சகோதரர் கூட்டம், இன்று என்னோடு இரத்தம் சிந்துகிறவன் எவ்வளவு கீழானவனாக இருந்தாலும் இன்றோடு உயர்ந்தவன் ஆவான். எப்படிச் சொல்ல வேண்டும் என்று பார்ப்பதற்காக உங்கள் படத்தைப் போட்டோம். ஹிடில்ஸ்டன் கத்தவில்லை. வண்டியில் ஏறி நின்று படையைப் பார்த்து முழங்கவில்லை. அருகில் நிற்கும் சிலரிடம், பெரும்பாலும் பிரபுக்களிடம், தாழ்ந்த குரலில் சொல்கிறார். எவ்வளவு இயல்பாக இருக்கிறது பார் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் பிளேன்டீயோடு நின்ற மனைவி கேட்டாள்: "உந்த ராசா படைக்கெங்க சொல்லுறார்? பக்கத்தில நிக்கிற பெரிய ஆக்களுக்கெல்லே சொல்லிக்கொண்டிருக்கிறார். தூரத்தில நிக்கிறவனுக்கு இது கேட்குமே?"

நான் வாயடைத்துப் போனேன். கேட்காதுதான்.

அன்றிரவு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த உரையைத் திரும்ப வாசித்தேன். வயதான காலத்தில் குவளை நிரம்ப நிரம்ப நம் பெயர்களை நினைவுகூர்வார்கள் என்கிறான் அரசன். யாருடைய பெயர்களை? அவனே வரிசையாகச் சொல்கிறான்: ஹாரி அரசன் (ஹென்றியேதான்), பெட்ஃபோர்ட், எக்ஸிடர், வாரிக், டால்பட், சாலிஸ்பரி, குளோஸ்டர். அத்தனையும் பிரபுக்கள். கீழானவன் உயர்வான் என்று வாக்குக் கொடுக்கிற அதே மூச்சில், அந்தக் கீழானவர்களில் ஒருவன் பெயர்கூட வாயில் வரவில்லை. நீங்கள் அந்த உரையைப் பிரபுக்கள் வட்டத்துக்குள் வைத்தது நெருக்கத்துக்காக இருக்கலாம். எனக்கு அது உரையின் உண்மையான முகவரியைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. யாருக்குச் சொன்னானோ அவர்களுக்கே வாக்கும் நிறைவேறியது.

அதோடு நிற்கவில்லை. போர் முடிந்ததும் பிரெஞ்சுத் தூதன் மோன்ட்ஜாய் வந்து பணிவாக ஒரு அனுமதி கேட்கிறான். இறந்தவர்களைப் பிரித்தெடுக்க வேண்டும், பிரபுக்களை ஒரு பக்கம், சாதாரணர்களை ஒரு பக்கம். எங்கள் இளவரசர்கள் கூலிப்படை இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறார்கள், குடியானவன் கால்கள் இளவரசர்களின் இரத்தத்தில் நனைந்து கிடக்கின்றன என்று. பிணத்திலும் பந்தி பிரிக்கிறார்கள் ஐயா! நமக்கொன்றும் தெரியாத சமாச்சாரம் இல்லை. எங்கள் ஊரிலும் சுடலை வரைக்கும் போகிற பிரிவினைதான்.

பிறகு கணக்கு வருகிறது. பிரெஞ்சுத் தரப்பில் 10,000 பேர், அதில் கொடி பிடிக்கும் தகுதியுள்ளவர்கள் 126, மற்றப் பெரியவர்கள் 8,400. பெயர்கள் நீள நீள வாசிக்கப்படுகின்றன. அப்புறம் ஆங்கிலேயர் பட்டியல். யார்க் டியூக் எட்வர்ட். சஃபோக் ஏர்ல். சேர் ரிச்சர்ட் கெட்லி. டேவி கேம். அடுத்த வரி: பெயர் சொல்லத்தக்கவர் வேறெவருமில்லை, மற்றவர்களில் ஒரு இருபத்தைந்து பேர் மட்டும்.

ஆங்கிலத்தில் அங்கே 'பெயர்' என்றால் நாலு பேர் அறிந்த பெயர் என்று பொருள். தமிழிலும் அப்படித்தானே, 'பேரெடுத்தவன்' என்கிறோம். பேரெடுக்காதவனுக்குப் பெயரே இல்லை என்று ஆகிவிடுகிறது.

இந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? ஷேக்ஸ்பியர் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதிய ஹோலின்ஷெட்டின் வரலாற்றில் இருந்து. ஹோலின்ஷெட் நேர்மையான மனிதர். இருபத்தைந்து என்று சிலர் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டு, அதே வாக்கியத்தில், ஆனால் இதைவிட நம்பத்தக்க ஆசிரியர்கள் ஐந்நூறு அறுநூறு பேருக்கு மேல் இறந்ததாக உறுதியாகச் சொல்கிறார்கள் என்றும் எழுதுகிறார். ஷேக்ஸ்பியர் வாக்கியத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டார். மேடைக்கு அதிசயம் வேண்டும், கடவுளின் கை வேண்டும். புரிகிறது. ஆனாலும் பெயரில்லாதவர்களிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு முற்றுப்புள்ளியில் காணாமல் போனார்கள். காணாமல் போனவர்களின் பெயரும் படமும் எழுதிய அட்டையோடு தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். எண்ணை மட்டும் சொல்லிப் பெயரை விட்டுவிடுகிற வரியைச் சும்மா தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

சரி, 1415 ஆம் ஆண்டு விஷயம், அந்தப் பெயர்களுக்கு இனி எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். எங்கேயும் போக வேண்டாம். லண்டனுக்குள்ளேயே இருக்கின்றன.

லண்டனின் கியூ என்ற பகுதியில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஐந்தாம் ஹென்றியின் கருவூலம் பிரான்ஸ் படையெடுப்புக்கு வைத்த கணக்குகள் அங்கே தோலேடுகளாகக் கிடக்கின்றன. அரசன் தளபதிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டான்: நீ இத்தனை கவச வீரர், இத்தனை வில்லாளி கொண்டு வா, நான் இவ்வளவு கூலி தருகிறேன். பொதுவாக ஒரு கவச வீரருக்கு மூன்று வில்லாளிகள். கூலிக்குக் காசு போதாமல் அரச நகைகளை அடகு வைத்த கதையும் உண்டு. காசு கொடுப்பவன் ஆளை எண்ணிப் பார்ப்பான் அல்லவா? ஆகவே பெயர்களை எழுதினார்கள். திரும்பி வந்தபின் கணக்குத் தீர்க்கும்போது யார் இறந்தான், யார் வயிற்றுப்போக்கில் விழுந்து, முதலில் பிடித்த ஹார்ஃப்ளூர் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டான், யார் அங்கேயே காவலுக்கு நின்றான் என்றும் எழுதினார்கள். கவிஞனுக்குக் கிடைக்காத பெயர்கள் கணக்கப்பிள்ளைக்குக் கிடைத்தன.

அந்த ஏடுகளை சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் கரியும் ரெடிங்கின் ஏட்ரியன் பெல்லும் தங்கள் குழுவோடு சேர்ந்து எடுத்து எழுதி, இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். 1369 இலிருந்து 1453 வரை இங்கிலாந்து அரசர்களுக்காகச் சேவகம் செய்தவர்கள், லட்சத்துக்கும் மேலான பதிவுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் தேடிப் பார்த்தோம். ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட், மறுபடி ஜான். வரிவரியாக வில்லாளிகள். மகளின் தோழி ஒருத்தியின் குடும்பப் பெயர்கூட வந்தது. இரண்டு பிள்ளைகளும் அன்றைக்குப் போனில் போட்ட கூச்சலைப் பார்த்தால் கிறிஸ்பின் உரையை நாலு தரம் மனப்பாடம் செய்திருப்பார்கள் போல.

கூலி விவரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குத் தூக்கம் போன இடம் அது. வில்லாளிக்கு நாளொன்றுக்கு ஆறு பென்ஸ். கவச வீரருக்குப் பன்னிரண்டு. டியூக் ஒருவருக்குப் பதின்மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ், அதாவது 160 பென்ஸ். நாடகம் சொல்கிற அந்த இருபத்தைந்து பேரும் வில்லாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரின் நாள்கூலியையும் கூட்டினால் 150. யார்க் டியூக் ஒருவரின் நாள்கூலிக்கு இன்னும் பத்துப் பென்ஸ் குறைகிறது.

இத்தனைக்கும் அந்தச் சண்டையை வென்றது பெரும்பாலும் அவர்கள்தான். முந்தின இரவு மழை, புதிதாக உழுத வயல், இரண்டு பக்கமும் காடு. கவசத்தோடு சேற்றில் புதைந்து புதைந்து வந்த பிரெஞ்சுப் பிரபுக்கள் மேல் அம்புமழை. பாடசாலைப் பையனுக்கும் தெரிந்த கதை. ஆனால் நாடகத்தில் அந்த நீண்ட வில்லுக்கு இடமே இல்லை, அரிச்சந்திரன் கதையில் சுடலையை விட்டுவிட்டுச் சொன்ன மாதிரி.

நான் அவர்களை வீரத் திலகங்களாக்க வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாடகத்தில் கைதிகளைக் கொல் என்று அரசன் இடும் அந்த ஆணை இருக்கிறதே, இதே நாடகத்தை எடுத்த ஒலிவியரின் 1944 படமும் பிரனாவின் 1989 படமும் அதை நைசாக விழுங்கிவிட்டன. நீங்கள் விழுங்கவில்லை. அந்த நேர்மைக்காகத்தான் இந்த மடலையே உங்களுக்கு எழுதுகிறேன், அவர்களுக்கு எழுதவில்லை. மீட்புப் பணம் போய்விடுமே என்று கைதிகளைப் பிடித்தவர்கள் தயங்க, அரசன் ஒரு அதிகாரியையும் 200 வில்லாளிகளையும் அனுப்பி வேலையை முடித்தான் என்று அக்காலப் பிரெஞ்சுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அழுக்கு வேலை அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஏடுகளில் இருக்கும் ஜான்களிலும் வில்லியம்களிலும் அந்தக் கத்தியைப் பிடித்த கைகளும் இருக்கும். இருக்கட்டும். செய்தவன் பெயரும் தெரியட்டும்.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அடுத்த முறை இந்தப் படத்தை ஒளிபரப்பும்போது, அல்லது இந்த நாடகத்தைத் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுக்கும்போது, முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் 1415 ஆம் ஆண்டு வில்லாளிகளின் பெயர்களையும் ஓடவிடுங்கள். வேறெதுவும் வேண்டாம். காட்சியை மாற்ற வேண்டாம், வசனம் சேர்க்க வேண்டாம். இறந்தவர்கள் பட்டியல் என்று சொல்ல வேண்டாம், அது நிச்சயமில்லை. 'ஏட்டில் பதிந்த பெயர்கள்' என்று ஒரு வரி போதும். எல்லாரையும் போட இடம் போதாது என்றால் ஒரு தளபதியின் கீழ் போனவர்களை மட்டும் போடுங்கள்.

யோசித்துப் பாருங்கள். இன்றைக்குப் படம் எடுத்தால் குதிரைக்குப் புல் வைத்தவர், வேன் ஓட்டியவர், சாப்பாடு கொண்டு வந்தவர் எல்லாருக்கும் பெயர் போடுகிறீர்கள். போட வேண்டியதுதான், சங்கம் விடாது. வில்லாளியாக வேஷம் போட்டவனுக்குக்கூட இடம் கிடைக்கலாம். நிஜ வில்லாளிக்கு மட்டும் சங்கம் இல்லை.

நாடகத்தில் அந்த மாதிரி ஒரு விதை இருக்கவும் இருக்கிறது. போருக்கு முந்தின இரவு, மாறுவேடத்தில் வரும் அரசனோடு வாதாடும் மூன்று சிப்பாய்களுக்கு ஷேக்ஸ்பியர் முழுப்பெயர் வைத்திருக்கிறார்: ஜான் பேட்ஸ், அலெக்சாண்டர் கோர்ட், மைக்கேல் வில்லியம்ஸ். வெட்டுண்ட கால்களும் கைகளும் தலைகளும் கடைசி நாளில் ஒன்றுகூடி இன்ன இடத்தில் செத்தோம் என்று கூவும், அப்போது அரசன் பதில் சொல்லட்டும் என்கிறவன் அந்த வில்லியம்ஸ்தான். கோர்ட்டுக்கு முழு நாடகத்திலும் ஒரே ஒரு வரி. விடிகிறதா என்று கேட்கிறான், அவ்வளவுதான். ஒரே வரி பேசுகிறவனுக்கும் பேரும் ஊர்ப்பேரும் மாதிரி இரண்டு பெயர் வைத்திருக்கிறாரே, அந்த மனிதருக்கு உள்ளுக்குள் இது குத்தியிருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

புனைவுப் படத்தில் ஆவணத்தைக் கலக்கலாமா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். ஒலிவியர் தன் படத்தைத் தொடங்கும்போதே அப்போது போரில் இருந்த கமாண்டோக்களுக்கும் வான்படைத் துருப்புகளுக்கும் காணிக்கை என்று எழுதித்தான் தொடங்கினார். தன் காலத்துச் சிப்பாய்களுக்கு அவர் இடம் கொடுத்தார், நீங்கள் நாடகத்தின் காலத்துச் சிப்பாய்களுக்குக் கொடுங்கள். எங்கள் அகநானூறு, சண்டையில் விழுந்த மறவர்களுக்கு வழியோரம் கல் நட்டு 'பெயரும் பீடும் எழுதி' வைத்ததைச் சொல்கிறது. நான் பீடு கேட்கவில்லை. பெயர் போதும்.

இன்னும் ஒரு சில்லறை வேண்டுகோள். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் திரையை மூலையில் ஒரு தபால்தலை அளவுக்குச் சுருக்கி, அடுத்து வருவது இன்ன நிகழ்ச்சி என்று ஒரு குரல் கதைக்கத் தொடங்குமே, அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு லைசன்ஸ்காரன்